ஒரே போர்வெல் தண்ணீர், இரண்டு அறிக்கை: எந்தக் கருவியை நம்புவது?

நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கம் மூன்று ஏக்கர் பயிர் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குறுவை நாற்றங்காலுக்கும் உளுந்துக்கும் போர்த் தண்ணீர் பாய்ச்சலாமா என்று தெரிந்துகொள்ள இரண்டு ஆய்வகங்களில் தண்ணீர் கொடுத்தேன். ஒன்றில் இ.சி. (மின்கடத்துதிறன்) 2,100, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்த உப்பு) 1,344 என்று வந்தது. இன்னொன்றில் இ.சி. 2,760, டி.டி.எஸ். 1,766. என்னிடம் இருக்கும் டி.டி.எஸ். பேனா 1,380 காட்டுகிறது. பேனா முதல் அறிக்கையோடு ஒத்துப்போகிறது, அதையே நம்பிவிடலாமா? இல்லை, ஐ.சி.பி.-எம்.எஸ். போன்ற பெரிய கருவி வைத்திருக்கும் இடத்தில் மூன்றாவதாகக் கொடுக்கட்டுமா?" இரண்டு அறிக்கையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். முதல் தண்ணீர் பாதி நிறைந்த குளிர்பான பாட்டிலில் நான்கு நாள் வீட்டில் கிடந்தது, இரண்டாவது மோட்டார் ஓடும்போது பிடித்து அன்றே கொண்டுபோனது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடம் தண்ணீர் ஆய்வகத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், மாதிரி எப்படி வந்தது என்று சொல்லும் ஆட்கள் குறைவு.

தம்பி, முதலில் ஒரு திருத்தம். உங்கள் பேனா முதல் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவதோடுதான் ஒத்துப்போகிறது.

டி.டி.எஸ். என்பதை உங்கள் பேனா அளப்பதே இல்லை. கரைந்திருக்கும் உப்பை உண்மையாக அளப்பதென்றால் தண்ணீரை வடிகட்டி, எடை பார்த்த கிண்ணத்தில் ஊற்றி, ஆவியாக்கி, 180 டிகிரி அடுப்பில் உலர்த்தி, மிச்சத்தை நிறுக்க வேண்டும். பேனா அளப்பது இ.சி. எனப்படும் மின்கடத்துதிறனை மட்டும்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று திரையில் காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் கருவிக்குக் கருவி மாறும். மலிவான பேனாக்கள் பலவற்றில் அது 0.5. ஆய்வகங்களில் வழக்கமாக 0.64. உங்கள் இரண்டு அறிக்கையிலும் 0.64 தான் போட்டிருக்கிறார்கள். 2,100-ஐயும் 2,760-ஐயும் அதால் பெருக்கிப் பாருங்கள், 1,344-உம் 1,766-உம் வரும். உங்கள் பேனாவின் 1,380-ஐ 0.5-ஆல் வகுத்தால் 2,760. இரண்டாவது ஆய்வகத்தின் இ.சி. அப்படியே வருகிறது. பேனாவோடு வந்த தாளில் அந்தப் பெருக்கும் எண் போட்டிருக்கும், ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இனிமேல் எந்த ஆய்வகத்தோடு ஒப்பிட்டாலும் இ.சி.யோடு இ.சி.யை ஒப்பிடுங்கள். டி.டி.எஸ்.ஸோடு டி.டி.எஸ்.ஸை ஒப்பிட்டால் நடுவில் இருக்கும் பெருக்கல் கண்ணை மறைத்துவிடும்.

ஆனால் பேனா ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இரண்டாவது அறிக்கையை நான் ஏற்கவில்லை. அந்த அறிக்கை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது. அதைக் காட்டுவதற்கு முன், எந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து வேதாரண்யம் உப்பளத்துக்கு அதிக தூரம் இல்லை. அங்கே பாத்தியில் 'டிகிரி' பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தக் கோடு வரை முங்குகிறது என்று பார்ப்பார்கள். கடல் நீர் 3 முதல் 3.5 டிகிரி இருக்கும். வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வரும்போது உப்பு படியத் தொடங்கும். 29-ஐ நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் கூடவே சேர்ந்து உப்பு கசக்கும். திரவத்தை ஆராயும் கருவிகளில் இதைவிட எளியது இல்லை. மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம். பாலுக்கு வைக்கும் லாக்டோமீட்டரும் இதன் உடன்பிறப்புதான். பாலில் டிகிரி பார்த்து வாங்கியதால்தான் கும்பகோணத்துக் காபிக்கு 'டிகிரி காபி' என்று பெயர் வந்தது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு.

இந்த மிதவைக்குத் தெரிவது மொத்தம் மட்டும். சோடியமா, மக்னீசியமா, பாலில் சர்க்கரை கலந்திருக்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளையும் இப்படி இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். மொத்தத்தைச் சொல்பவை, ஆளைப் பெயர் சொல்லிக் காட்டுபவை. உங்கள் பேனா முதல் வகை.

பக்கத்து இறால் பண்ணையில் கண்ணில் வைத்து உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் இந்த வகைதான், அதைக் கடன் வாங்கியும் பயனில்லை. லிட்டருக்கு 100 கிராம் உப்பு வரை பார்க்கும்படி கோடு போட்ட கருவி அது. உங்கள் தண்ணீரில் இருப்பது லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் குறைவு. முதல் இரண்டு கோட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இ.சி. மீட்டர் செய்யும் வேலை இதுதான்: தண்ணீருக்குள் இரண்டு தகடுகளை வைத்து, திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தைச் செலுத்தி, எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று பார்க்கிறது. ஒரே திசையில் செலுத்தினால் தகட்டில் உப்பின் அயனிகள், அதாவது மின்சுமை ஏறிய துகள்கள், போய் அடைத்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும், அதனால்தான் மாறுதிசை மின்சாரம். இதில் தவறு நுழைய இரண்டு வாசல் உண்டு. ஒன்று வெப்பம். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும். சித்திரை வெயிலில் 35 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 25 டிகிரிக்குத் திருத்தாமல் படித்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். வெப்பத் திருகை 35-இல் வைத்துவிட்டு 25 டிகிரித் தண்ணீரைப் படித்தால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இரண்டாவது வாசல் அந்தத் தகடு. அழுக்கு படிந்தாலும் மேற்பூச்சு தேய்ந்தாலும் எண் நகர்ந்துவிடும்.

இதைப் பிடிக்க ஒரு வழிதான் இருக்கிறது, தெரிந்த கரைசலை வைத்துப் பார்ப்பது. உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7455 கிராமைச் சுத்தமான நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், 25 டிகிரியில் அதன் இ.சி. சென்டிமீட்டருக்கு 1,413 மைக்ரோசீமென்ஸ். உலகத்தில் எந்த மூலையில் செய்தாலும் அதே எண். நல்ல ஆய்வகத்தில் தினமும் காலையில் முதல் வேலை இந்தக் கரைசலை மீட்டரில் வைத்துப் பார்ப்பது. "இன்றைக்கு ஸ்டாண்டர்டு என்ன படித்தது?" என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து காட்டும் ஆய்வகம் நம்பத்தகுந்தது. ஆய்வகம் எத்தனை கோடி ரூபாய்க்குக் கருவி வைத்திருக்கிறது என்பதைவிட இந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இனி உங்கள் அறிக்கைகளுக்கு வருகிறேன். இரண்டிலும் குளோரைடு லிட்டருக்கு 621 மில்லிகிராம். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தவற்றில் முக்கியமானது அது. அது பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயை வைத்துச் செய்த டைட்ரேஷன் என்று அறிக்கையின் ஓரத்தில் போட்டிருக்கிறது. 1850-களில் ஜெர்மனியில் மோர் என்ற வேதியியலாளர் வகுத்த முறை அது. தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். மேலிருந்து வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக இறங்கும். குளோரைடு இருக்கும் வரை வெள்ளி அதோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். குளோரைடு தீர்ந்த மறு சொட்டில் வெள்ளி குரோமேட்டைப் பிடித்துக்கொண்டு செங்கல் நிறம் காட்டும். எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்பதுதான் விடை. கை நிதானமாக இருந்து, வெள்ளிக் கரைசலின் திறன் சரியாகத் தெரிந்திருந்தால், உங்கள் தண்ணீர் போன்றதற்கு இது பெரிய கருவிக்குச் சற்றும் குறைந்ததல்ல. கால்சியம், மக்னீசியத்துக்கும் அப்படித்தான். ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தை வைத்துச் செய்யும் டைட்ரேஷனில் ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்த நொடியைப் பிடிக்கக் கண் பழக வேண்டும். பழகிவிட்டால் போதும்.

சோடியம், பொட்டாசியத்துக்கு டைட்ரேஷன் உதவாது. அதற்கு ஃபிளேம் போட்டோமீட்டர். சோறு பொங்கி உப்புக் கஞ்சி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாக மாறுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சள் சோடியத்தின் கையெழுத்து. 589 நானோமீட்டர் ஒளி. கருவி செய்வது அதையேதான்: தண்ணீரைப் புகைபோல் தூற்றிச் சுடருக்குள் அனுப்பி, மஞ்சள் எவ்வளவு பிரகாசம் என்று அளக்கிறது. பொட்டாசியத்துக்கு ஒளி வடிகட்டியை மாற்றி 766-ஐ ஒட்டிய சிவப்பைப் பார்க்கும். இதே வழியில்தான் புன்சனும் கிர்ஹாஃபும் 1860-இல் டூர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்று நீரைச் சுடரில் காட்டி, அதுவரை யாருக்கும் தெரியாத சீசியம் என்ற தனிமத்தையே கண்டுபிடித்தார்கள். ஒரு ஊரின் தண்ணீரை ஒழுங்காகப் பார்த்ததற்குக் கிடைத்த பரிசு அது.

இந்தக் கருவியில் ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்த கிணற்று நீரை அப்படியே சுடருக்குள் விட்டேன். ஸ்டாண்டர்டு 100 வரைதான் வைத்திருந்தேன், தண்ணீரில் சோடியம் அதற்கு நாலைந்து மடங்கு. உப்பு அதிகமானால் சுடரின் ஓரத்தில் இருக்கும் சூடு குறைந்த சோடிய அணுக்கள், நடுவிலிருந்து வரும் ஒளியைத் தாங்களே விழுங்கிவிடும். உப்பு ஏற ஏற ஒளியும் நேர்கோட்டில் ஏற வேண்டியது வளைந்து, உண்மையைவிடக் குறைவாகப் படிக்கும். நான் அந்தக் குறைந்த எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நம்பிக் கத்தரிக்குப் பாய்ச்சி, இலை ஓரம் கருகிய செடியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப வந்து நின்றார். கோபப்படக்கூட இல்லை. "என்ன சார் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கடலோரத் தண்ணீர் எதுவாக இருந்தாலும் முதலில் இ.சி. பார்த்து, அதற்கேற்பப் பத்து மடங்கோ இருபது மடங்கோ நீர்த்துத்தான் சுடருக்கு அனுப்பினேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதைத்தான் முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தக் கிணற்று நீர் விஷயத்தில் நான் தவறைப் பிடித்திருக்க முடியும். அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் ஐந்து நிமிடக் கணக்கு ஒன்று போட்டிருந்தால் போதும். அதை உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

தண்ணீரில் இருக்கும் நேர்மின் அயனிகளின் மின்சுமையும் எதிர்மின் அயனிகளின் மின்சுமையும் சமமாக இருந்தே தீர வேண்டும். சமமில்லை என்றால் தண்ணீரைத் தொட்டாலே ஷாக் அடிக்க வேண்டும். ஆகவே மில்லிகிராமை மின்சுமைக் கணக்குக்கு மாற்றி இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கலாம். ஆய்வகத்தில் இதை மில்லி ஈக்விவலன்ட் என்போம். சோடியத்தை 23-ஆல் வகுக்கவும், பொட்டாசியத்தை 39-ஆல், கால்சியத்தை 20-ஆல், மக்னீசியத்தை 12.15-ஆல். அந்தப் பக்கம் குளோரைடை 35.5-ஆல், பைகார்பனேட்டை 61-ஆல், சல்பேட்டை 48-ஆல், நைட்ரேட்டை 62-ஆல்.

உங்கள் இரண்டாவது அறிக்கை: சோடியம் 414, அதாவது 18.0. பொட்டாசியம் 12, அதாவது 0.3. கால்சியம் 80, அதாவது 4.0. மக்னீசியம் 61, அதாவது 5.0. கூட்டினால் 27.3. எதிர்ப்பக்கம் குளோரைடு 17.5, பைகார்பனேட் 427 என்பது 7.0, சல்பேட் 106 என்பது 2.2, நைட்ரேட் 12 என்பது 0.2. கூட்டினால் 26.9. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு பக்கத்தையும் சேர்த்த தொகையால் வகுத்தால் ஒரு சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்குள் இருந்தாலே நல்ல அறிக்கை என்போம். இன்னொரு சோதனையும் உண்டு. இந்தக் கூட்டுத்தொகையை 100-ஆல் பெருக்கினால் இ.சி.க்கு அருகில் வர வேண்டும். 27-ஐ நூறால் பெருக்கினால் 2,700. மீட்டர் சொன்னது 2,760. டைட்ரேஷன், சுடர், மீட்டர் மூன்றும் தனித்தனியாக வேலை செய்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

முதல் அறிக்கையைப் பாருங்கள். சோடியம் 299, அதாவது 13.0. கால்சியம் 60, அதாவது 3.0. மக்னீசியம் 5.0. பொட்டாசியம் போடவே இல்லை. கூட்டினால் 21.0. அந்தப் பக்கம் குளோரைடு 17.5, பைகார்பனேட் 366 என்பது 6.0, சல்பேட் 2.2. கூட்டினால் 25.7. அதே கணக்கில் பத்து சதவீதம் இடிக்கிறது. ஆனால் என் கண்ணில் பட்டது அதுவல்ல. நேர்மின் பக்கம் கூட்டுத்தொகை மிகச் சரியாக 21.0, இ.சி. மிகச் சரியாக 2,100. மூன்று தனி அளவீடுகளைக் கூட்டினால் இவ்வளவு பொருத்தமாக வராது. சோடியத்தை அவர்கள் அளந்திருக்க வாய்ப்பில்லை, கணக்கில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். இ.சி.யை வைத்து மொத்தம் 21 என்று எடுத்துக்கொண்டு, அதில் கால்சியம் மக்னீசியம் 8-ஐக் கழித்து, மிச்சம் 13-ஐச் சோடியம் என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சுடர்க் கருவி பழுதாகிக் கிடந்தால் செய்வார்கள். குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படிச் செய்தால் அறிக்கையில் எழுத வேண்டும். ஏனென்றால் இ.சி.யில் ஒரு பிழை இருந்தால் அது அப்படியே சோடியத்துக்குள் இறங்கி, இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுபோல் தோன்றும். எதிர்மின் பக்கத்துக் குளோரைடு அந்தக் கணக்கில் சேராததால் உண்மையைச் சொல்லிவிட்டது.

கால்சியமும் பைகார்பனேட்டும் இரண்டாவதைவிடக் குறைந்திருப்பதற்கு அந்த ஆய்வகம் பொறுப்பல்ல. கால்சியம் 4.0-இலிருந்து 3.0. பைகார்பனேட் 7.0-இலிருந்து 6.0. இரண்டும் சரியாக ஒரு அலகு. நான்கு நாள் பாதி பாட்டிலில் கிடந்தபோது ஆழத்துத் தண்ணீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கிறது. அது போனதும் சுண்ணாம்பு தங்க முடியாமல் பாட்டில் சுவரில் படிந்திருக்கிறது. அந்த பாட்டில் இன்னும் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உட்புறம் வெள்ளைப் பூச்சு தெரியும். ஆனால் இந்தப் படிவால் இ.சி. சுமார் 100 தான் குறையும். 660 குறையாது. மிச்சக் குறை மீட்டரிலோ வெப்பத் திருத்தத்திலோ இருக்கிறது.

இந்த வித்தியாசத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், எல்லைக்கோடு நடுவில் ஓடுகிறது. 1954-இல் அமெரிக்க உவர்நில ஆய்வகம் வகுத்த பாசன நீர் வகைப்பாட்டைத்தான் இன்னும் நாம் பின்பற்றுகிறோம். அதில் இ.சி. 750 முதல் 2,250 வரை உப்பு அதிகமான மூன்றாம் வகுப்பு, அதற்கு மேல் உப்பு மிக அதிகமான நான்காம் வகுப்பு. முதல் அறிக்கைப்படி உங்கள் தண்ணீர் மூன்றாவது. இரண்டாவதன்படி நான்காவது. நெல்லுக்கு, பாசன நீரின் இ.சி. 2,000-ஐத் தாண்டும்போதே விளைச்சல் இறங்கத் தொடங்கும் என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டி. நெல் விதை முளைக்கும்போது உப்பைத் தாங்கும், ஆனால் இரண்டு மூன்று இலை நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் தாங்காது. நாற்றங்காலுக்கென்று நீங்கள் கேட்பதால்தான் எனக்கு அக்கறை.

சோடியம் மண்ணை இறுக்குமா என்பதையும் இதே எண்களில் பார்க்கலாம். கால்சியம், மக்னீசியம் கூட்டலைப் பாதியாக்கி வர்க்கமூலம் எடுத்து, சோடியத்தை அதால் வகுத்தால் எஸ்.ஏ.ஆர். எனப்படும் சோடிய விகிதம் வரும். உங்களுக்கு 8.5. பத்துக்குள் இருப்பதால் இப்போதைக்குப் பயமில்லை. பைகார்பனேட்டைவிடக் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருப்பதால் மிஞ்சிய பைகார்பனேட் சுண்ணாம்பைப் படியவைத்துச் சோடியத்தை ஓங்கவிடும் 'எஞ்சிய கார்பனேட்' தொல்லையும் இல்லை. ஆக யாராவது இந்தத் தண்ணீருக்காக மூட்டை மூட்டையாக ஜிப்சம் போடச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். உங்கள் பிரச்சினை மொத்த உப்பும் குளோரைடும்தான். அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் ஏறிய நாகை மாவட்ட வயல்களில், மழையும் வடிகாலும் சேர்ந்துதான் உப்பைக் கழுவி இறக்கின. அந்த மாதங்களில் எங்களுக்கு உதவிய கருவி, பையில் போட்டு வரப்பில் எடுத்துப்போகக்கூடிய இ.சி. மீட்டர்.

அடுத்து நீங்கள் கேட்ட ஐ.சி.பி.-எம்.எஸ். ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரி சூட்டில் பிளாஸ்மாவாக்கி, அதற்குள் தண்ணீரைத் தூற்றி, அணுக்களைச் சிதறடித்து, ஒவ்வொன்றையும் எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி. லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே காண வல்லது. உங்கள் சோடியம் 414 மில்லிகிராம். நெல் மூட்டை நிறுக்க நகைக்கடைத் தராசு எதற்கு? அதுவும் உப்புத் தண்ணீர் அந்தக் கருவியின் நுனித்துளையை அடைத்துவிடும் என்பதால் அவர்களே முதலில் பல மடங்கு நீர்ப்பார்கள்.

அதே போரை வீட்டில் குடிக்கவும் பயன்படுத்தினால் கதை வேறு. ஈயம், ஆர்செனிக் போன்றவற்றுக்கு இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் பார்க்க இந்தக் கருவியோ, கிராஃபைட் உலை வைத்த அணு உட்கவர் கருவியோ வேண்டும். அப்போது ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள். ஆர்செனிக்கின் நிறை 75. பிளாஸ்மாவில் ஆர்கான் 40-உம் குளோரின் 35-உம் ஒட்டிக்கொண்டாலும் 75. கடலோரத் தண்ணீரில் குளோரைடு தாராளமாக இருப்பதால், இல்லாத ஆர்செனிக் இருப்பதாகக் கருவி சொல்லிவிடும். ஹீலியம் வாயு நிரப்பிய அறை வழியாக அனுப்பினால் அந்தப் போலி ஜோடி விலகிவிடும். "ஹீலியம் மோடில் ஓட்டினீர்களா?" என்று கேளுங்கள். ஒரு குடும்பத்தையே தேவையில்லாமல் பயமுறுத்தாமல் இருக்க அந்த ஒரு கேள்வி உதவும்.

சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு இவற்றுக்கெல்லாம் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். டிகாக்ஷன் கெட்டியாக இருந்தால் டம்ளருக்குப் பின்னால் விளக்கு மங்கும் அல்லவா, அந்தத் தத்துவம்தான். இரும்புக்குப் பினாந்த்ரோலின் விட்டால் ஆரஞ்சு நிறம் வரும், 510 நானோமீட்டரில் எவ்வளவு ஒளி மறைகிறது என்று பார்ப்போம். மாதிரிக்கு நைட்ரிக் அமிலம் விடாமல் கொண்டுவந்தால் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகி அடியில் படிந்துவிடும், மேலே எடுத்த தெளிவில் ஒன்றும் இருக்காது. அடிபம்பில் பிடித்த குடத்து நீர் மறுநாள் செம்பழுப்பாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரவங்களில் ஒளி சிதறுவதைப் பற்றி உலகுக்குச் சொன்ன சி.வி. ராமன் பிறந்தது டெல்டாவின் தலைமாட்டில், திருவானைக்காவலில். 1928-இல் அவர் கண்ட விளைவை வைத்து இன்று மருந்து, எண்ணெய், கரைப்பான்களை பாட்டிலைத் திறக்காமலேயே அடையாளம் காணும் கருவிகள் இருக்கின்றன. உங்கள் தண்ணீருக்கு மட்டும் அது பயன்படாது. சோடியமும் குளோரைடும் தனி அயனிகள். அதிர்வதற்கு உள்ளே பிணைப்பு இல்லாததால் ராமன் கருவிக்கு அவை கண்ணில் படாது. நம் ஊர்க்காரர் கருவி என்ற பாசத்தில் பலர் கேட்பதால் இதையும் சொன்னேன்.

வாங்க வேண்டியது என்ன? வெப்பத்தைத் தானே திருத்திக்கொள்ளும், ஸ்டாண்டர்டு வைத்துச் சரிசெய்ய வசதி உள்ள, மைக்ரோசீமென்ஸில் காட்டும் இ.சி. பேனா ஒன்று. அதோடு 1,413 கரைசல் ஒரு பாட்டில். பி.எச். பேனா வேண்டாம். அதன் கண்ணாடிக் குமிழ் எப்போதும் ஈரமாக, அதற்கான கரைசலில் இருக்க வேண்டும். கொட்டகையில் ஒரு மாதம் காய்ந்து கிடந்தால் பிறகு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

ஆய்வகத்துக்குக் கொடுப்பதென்றால் பாசனத்துக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம், குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம். தனியாரிடம் போனால், ஆய்வகங்களைத் தரம் பார்க்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, குமிழிகூட இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். அன்றே சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், உறைய விட வேண்டாம். உலோகம் பார்க்க வேண்டுமானால் அமிலம் விட்ட பாட்டிலை ஆய்வகத்திலேயே தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

நாற்றங்கால் விஷயம். இந்தப் போர்த் தண்ணீரைத் தனியாகப் பாய்ச்ச வேண்டாம். மேட்டூர் திறந்து உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதும் வாய்க்கால் நீரில் இ.சி. பேனாவை வையுங்கள். 500 காட்டினால், பாதிக்குப் பாதி கலந்தால் 1,630 வரும். இரண்டு பங்கு வாய்க்கால், ஒரு பங்கு போர் என்றால் 1,250-ஐ ஒட்டி வரும். நாற்றுக்கு அது பரவாயில்லை. உளுந்து நெல்லைவிட உப்புக்குக் கூச்சப்படும் பயிர். சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்து ஈரத்திலேயே வந்துவிட்டால் போரைத் தொடவே வேண்டாம். பூக்கும் சமயத்தில் காய்ந்தே தீருகிறது என்றால் ஒரே ஒரு தடவை, மாலையில், இலையில் படாமல் தரையில் பாய்ச்சுங்கள்.

இந்த 2,760 நிரந்தரமும் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கிய பிறகு தை மாதத்தில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை அதே மோட்டாரில் அதே பேனாவை வைத்து, 1,413 கரைசலில் என்ன படித்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி எண் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனால் எழுதுங்கள், குளோரைடு டைட்ரேஷனை மட்டும் திரும்பச் செய்து பார்ப்போம்.